அறுப்புக்கும் விதைப்புக்கும் நடுவே

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் நாரிச் ரயிலைப் பிடித்தால் ஒன்றரை மணி நேரத்தில் டிஸ் என்ற சிற்றூர் வந்துவிடும். இப்ஸ்விச்சைத் தாண்டியதும் இருபுறமும் வயல்கள்தான். இங்கிலாந்து என்றாலே பச்சைப்பசேல் என்று படம் பார்த்துப் பழகியவர்களுக்கு, செப்டம்பர் கடைசியில் இந்தப் பாதை கொஞ்சம் ஏமாற்றம் தரும். கோதுமையும் பார்லியும் ஆகஸ்டிலேயே அறுத்தாயிற்று. சில வயல்களில் அரிதாள் காய்ந்து நிற்கிறது. சிலவற்றில் டிராக்டர் புரட்டிப்போட்ட களிமண் வெறும் பழுப்பாகக் கிடக்கிறது. அந்தப் பழுப்பின் நடுவே அங்கங்கே ஒற்றை ஆள். கையில் நீளத் தடி, காதில் ஹெட்ஃபோன். தடியை இடமும் வலமுமாக வீசியபடி ஆமை வேகத்தில் நடக்கிறார். ரயில் கடப்பதற்குள் சட்டென்று மண்டியிட்டு மண்ணைக் கிளற ஆரம்பித்துவிடுகிறார்.

மெட்டல் டிடெக்டர் வைத்துப் பழங்காசு தேடுகிறவர் அவர். சஃபோக், நார்ஃபோக் மாவட்டங்களில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். ஓய்வுபெற்ற தபால்காரர், லாரி ஓட்டுநர், பள்ளி ஆசிரியை, செவிலியர் என்று எல்லாத் தொழிலும் உண்டு. அவர்களுடைய பண்டிகைக் காலம் இதுதான். பயிர் நிற்கும் வயலில் எந்த விவசாயியும் கால் வைக்க விடமாட்டார். அறுவடை முடிந்து, அடுத்த போகம் குளிர்காலக் கோதுமையை விதைக்கும்வரை நிலம் சும்மா கிடக்கும். சில வயல்களில் அது ஒரு மாதம், சிலவற்றில் பத்தே நாள். விதை விழுந்து முளை தலைகாட்டிவிட்டால் அடுத்த ஆண்டு அறுப்புவரை அந்த வயலை மறந்துவிட வேண்டியதுதான். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்கிறார்கள். அதன்பிறகு வேலை முடிந்து வயலுக்கு வருவதற்குள் இருட்டிவிடும். உறைபனி இறுகிவிட்டால் மண்வாரி இறங்காது.

இன்னொரு காரணமும் உண்டு. கோடை வெயிலில் கல்லாகிப்போன களிமண், முதல் மழை நனைத்ததும் இளகிவிடுகிறது. ஈர மண்ணில் சத்தம் தெளிவாக வருகிறது என்று அனுபவஸ்தர்கள் அடித்துச் சொல்கிறார்கள். உழுது, பரம்படித்து, உருளை ஓட்டிச் சமப்படுத்திய வயல் கிடைத்தால் விடியற்காலையிலேயே போய் நின்றுவிடுவார்கள். கருவியின் வட்டு மண்ணோடு எவ்வளவு ஒட்டிப் போகிறதோ அவ்வளவு ஆழம் எட்டும். அரிதாள் உயரமாக நின்றால் வட்டு அதன் மேலேயே மிதந்துகொண்டு போகும். பத்து சென்டிமீட்டர் அங்கேயே போச்சு.

கருவியின் தத்துவம் எளியது. வட்டுக்குள் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்றில் மாறுமின்சாரம் ஓடி மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் ஏதாவது இருந்தால் அதில் சிறு சுழல் மின்னோட்டம் கிளம்பும், அது தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை எழுப்பும். இன்னொரு சுருள் அதைப் பிடித்து ஓசையாக மாற்றுகிறது. இரும்புக்கு ஒரு உறுமல், செம்பு வெள்ளிக்குக் கணீரென்று ஒரு கூவல். திரையில் ஓர் எண்ணும் விழும். அந்த எண்ணை நம்பி மோசம் போனவர்கள் அநேகம், ஏனென்றால் மெல்லிய தங்கக் காசும் அலுமினியத் துண்டும் கிட்டத்தட்ட ஒரே குரலில் பேசக்கூடியவை. வீசியெறிந்த பியர் டின்னை அறுவடை இயந்திரமோ கலப்பையோ நார் நாராகக் கிழித்து வயல் முழுக்க இறைத்திருக்கும். தேடுகிறவர்களின் ஜென்ம விரோதி அதுதான்.

இந்தக் கருவிக்கு வினோதமான பூர்வீகம். 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள். உடம்புக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தொலைபேசி புகழ் அலெக்சாண்டர் கிரஹாம் பெல், உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டு வந்தார். மருத்துவர் குண்டு வலப்பக்கம் இருப்பதாக நம்பி அங்கே மட்டும் தேடவிட்டார். மெத்தைக்குள் இருந்த எஃகுச் சுருள்கள் வேறு கருவியைக் குழப்பின. குண்டு அகப்படவில்லை, அதிபர் செப்டம்பரில் இறந்துபோனார். அறுபது ஆண்டு கழித்து, ஸ்காட்லாந்தில் தங்கியிருந்த போலந்துப் படையின் பொறியாளர் யூசெஃப் கொசாட்ஸ்கி, கையில் எடுத்துப் போகக்கூடிய கண்ணிவெடித் துழாவி ஒன்றை வடிவமைத்தார். 1942இல் எல் அலமெய்ன் பாலைவனத்தில் வெடி அகற்றியது அதுதான். போர் முடிந்தபின் ராணுவம் கழித்துக்கட்டிய கருவிகள் சாதாரண ஆட்கள் கைக்கு வந்தன. டிரான்சிஸ்டர் வந்ததும் எடை குறைந்தது, விலையும் இறங்கியது. 1970களில் இங்கிலாந்தின் வயல்களில் கூட்டம் இறங்கிவிட்டது.

நாய் நடத்தப் போகிறவர்கள் வேலியோரம் நின்று தவறாமல் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: தங்கம் கிடைத்ததா? கிடைப்பது பொத்தான். பித்தளைப் பொத்தான், ஈயப் பொத்தான், பட்டாளத்துப் பொத்தான். அப்புறம் துப்பாக்கித் தோட்டாவின் அடிப்பாகம், குதிரைச் சேணத்தின் கொக்கி, ஆட்டுக் கழுத்து மணி, தேய்ந்து வழுவழுத்த ஜார்ஜ் மன்னர் காலத்துச் செப்புப் பென்னி. வீடோ கோயிலோ இருந்த சுவடே இல்லாத வயல் நடுவில் இத்தனை பொத்தான் எப்படி வந்தது? எல்லாம் எருவோடு வந்தவை. நகரத்துக் கழிவையும் குப்பையையும் வண்டி வண்டியாக ஏற்றிவந்து வயலில் கொட்டுவது நூற்றாண்டுகளாக நடந்த வழக்கம். கந்தல் கம்பளித் துணியைக்கூட உரமாக உழுதார்கள். துணி மக்கிப்போயிற்று, பொத்தான் தங்கிவிட்டது. வீட்டில் தொலைந்த காசு குப்பையில் விழுந்து, குப்பை எருவாகி, எரு வயலுக்குப் போய், எழுநூறு ஆண்டு கழித்து யாரோ ஒருவருடைய ஹெட்ஃபோனில் கூவுகிறது.

அப்படி ஒரு கூவலைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஒரு திசையில் வீசும்போது ஒலித்தது, குறுக்கே வீசினாலும் ஒலிக்கிறதா என்று முதலில் சோதிப்பார்கள். துருப்பிடித்த ஆணி பெரும்பாலும் இங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். ஒலித்தால், சத்தம் வந்த புள்ளியைச் சுற்றி ஒரு கை அகலம் தள்ளி மண்வாரியை இறக்கி ஒரு கட்டி மண்ணைப் பெயர்த்தெடுப்பார்கள். புள்ளியிலேயே குத்தினால் காசு இரண்டாகும். கட்டியை உடைத்து, கேரட் அளவில் இருக்கும் சிறு கருவியால் துழாவினால் அது ஒரு மண்ணுருண்டையிடம் போய் அதிரும். உருண்டைக்குள் விரல் நகம் போல மெல்லிய ஒரு தகடு. அரைவட்டம். நேர்கோடாக வெட்டிய விளிம்பு. இந்த இடத்தில் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கக் கை பரபரக்கும். தேய்த்தால் மண்ணில் இருக்கும் மணல் வெள்ளியைக் கீறிவிடும். அதனால் அப்படியே பஞ்சு வைத்த டப்பாவுக்குள் போகும்.

அது மூன்றாம் ஹென்றி காலத்து வெள்ளிப் பென்னியில் பாதி. 1247இல் வந்த புது அச்சில் பின்பக்கத்துச் சிலுவையின் கைகள் விளிம்புவரை நீண்டன. ஓரத்தைச் சுரண்டினால் உடனே தெரிந்துவிடும் என்பது ஏற்பாடு. சில்லறை வேண்டுமானால் அதே சிலுவைக் கோட்டில் இரண்டாகவோ நான்காகவோ வெட்டிக்கொள்வார்கள். அரைப் பென்னி, கால் பென்னி என்று தனிக்காசு ஒழுங்காக வந்தது 1279–80இல், முதலாம் எட்வர்டு காலத்தில்தான். பின்பக்கத்தில் காசு அடித்தவன் பெயரும் ஊர்ப் பெயரும் சுற்றிலும் இருக்கும். பாதிக் காசில் பாதிப் பெயர்தான் மிஞ்சும். ஒரு கூலியாள் நாள் முழுக்க உழைத்து ஒரு பென்னி, ஒன்றரைப் பென்னி வாங்கிய காலம் அது. அரைப் பென்னியைத் தொலைத்தவன் அன்று சாயந்தரம் இருட்டும்வரை குனிந்து தேடியிருப்பான்.

டிஸ்ஸிலிருந்து கிழக்கே வேவ்னி ஆற்றை ஒட்டிக் கொஞ்ச தூரம் போனால் ஹாக்ஸன். ஒரு மாதாகோயில், ஒரு மதுவிடுதி, புல்வெளியைச் சுற்றி வீடுகள். காரில் போகிறவர் கண் சிமிட்டினால் தாண்டிவிடக்கூடிய ஊர். ஆனால் தொல்லியல் படிப்பவர்கள் எவரும் இந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது. 1797இல் ஜான் ஃப்ரியர் என்ற நிலக்கிழார் இங்கே செங்கல் மண் எடுக்கும் பள்ளத்தில், பன்னிரண்டு அடி ஆழத்தில், செதுக்கிய கல் கோடரிகளைப் பார்த்தார். இவை உலோகம் அறியாத மனிதர்கள் செய்தவை, இன்றைய உலகத்துக்கும் முந்தைய ஏதோ ஒரு காலத்தவை என்று லண்டன் தொல்பொருள் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். உலகம் தோன்றி ஆறாயிரம் ஆண்டுதான் ஆகிறது என்று படித்தவர்களே நம்பிய காலம். கடிதம் அச்சானது, யாரும் சட்டை செய்யவில்லை. அவர் சொன்னது சரிதான் என்று உலகம் ஒப்புக்கொள்ள அறுபது ஆண்டு ஆயிற்று. அந்தக் கடிதத்துக்கு இன்றும் மதிப்பு இருப்பதற்குக் காரணம் ஒன்றே. கோடரியை மட்டும் அனுப்பாமல், அது எந்த அடுக்கில் கிடந்தது, மேலே என்னென்ன அடுக்கு இருந்தது என்று வரிசையாக எழுதியிருந்தார்.

ஊருக்குப் பக்கத்தில் கோல்டுபுரூக் என்று ஒரு பாலம். டேனியர்களுக்குப் பயந்து எட்மண்ட் அரசர் அதன் அடியில் ஒளிந்திருந்தாராம். அவருடைய தங்கக் குதிமுள் தண்ணீரில் பளபளத்ததை ஒரு புதுமணத் தம்பதி பார்த்துக் காட்டிக்கொடுத்துவிட்டார்களாம். அன்றிலிருந்து கல்யாணக் கோஷ்டி அந்தப் பாலத்தில் ஏறாது என்று ஊர்க்கதை. எட்மண்ட் கொல்லப்பட்டது 869இல் என்பது வரலாறு. மற்றதைக் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

ஹாக்ஸனை உலகம் முழுக்கக் கொண்டுபோனது ஒரு சுத்தியல். 1992 நவம்பர் 16. குளிர்காலம் வாசலில் நின்றது. வயலில் வேலை பார்த்தபோது ஒரு விவசாயி சுத்தியலைத் தொலைத்துவிட்டார். நண்பர் எரிக் லாஸைக் கூப்பிட்டார். லாஸ் தோட்டக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டபோது அன்பளிப்பாக வந்த மெட்டல் டிடெக்டர் ஒன்று அவரிடம் இருந்தது. சுத்தியலைத் தேடிப் போனவருக்குக் கேட்ட சத்தத்தைத் தோண்டினால் வெள்ளிக் கரண்டி, தங்க நகை, காசு, மேலும் காசு.

லாஸ் கொஞ்சம் எடுத்தார். பிறகு நிறுத்திவிட்டார்.

இந்தப் பயணத்தில் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். யாரும் இல்லாத வயல், கையில் மண்வாரி, காலடியில் தங்கம். தோண்டிக்கொண்டே போயிருக்கலாம். அன்றைய பெரும்பாலோர் போயிருப்பார்கள். லாஸும் விவசாயியும் போலீசுக்கும் நிலச் சொந்தக்காரரான சஃபோக் மாவட்ட நிர்வாகத்துக்கும் சொன்னார்கள். மறுநாளே தொல்லியல் குழு வந்தது. செய்தி கசிந்தால் கூட்டம் வந்துவிடும் என்பதால் ஒரே நாளில் அகழ்ந்தார்கள். சில பகுதிகளைப் பிரிக்காமல் மண்ணோடு பாளமாக வெட்டியெடுத்துப் போய் ஆய்வகத்தில் வைத்துப் பொறுமையாகப் பிரித்தார்கள். 14,865 காசுகள். அவற்றில் 569 தங்கம், 24 வெண்கலம், மீதி எல்லாம் வெள்ளி. அது போக நகையும் வெள்ளிப் பாத்திரமுமாக ஏறக்குறைய 200 பொருள்கள். தொலைந்த சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

நிறுத்தியதால் என்ன லாபம்? எல்லாம் ஒரு ஓக் மரப்பெட்டிக்குள் இருந்தன என்பது தெரிந்தது. பெட்டி மக்கிப் போயிருந்தாலும் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 30 உயரம் என்று அதன் அளவைக் கணிக்க முடிந்தது. உள்ளே சின்னச் சின்னப் பெட்டிகள், அவற்றுக்குப் பொம்மைப் பூட்டு போன்ற வெள்ளிப் பூட்டுகள். கிண்ணங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன, கரண்டிகள் கட்டுக்கட்டாக. ஆக, வீடு தீப்பற்றியதுபோல அள்ளிப்போட்டு ஓடியவர்கள் அல்ல. நிதானமாகச் சுற்றி, அடுக்கி, பூட்டிப் புதைத்தவர்கள். திரும்பி வருவோம் என்று நம்பியவர்கள். லாஸ் முழுவதையும் பையில் அள்ளியிருந்தால் காசும் கரண்டியும் அப்படியேதான் இருந்திருக்கும். புதைத்த குடும்பம் மட்டும் காணாமல் போயிருக்கும்.

கடைசிக் காசுகள் 407–408ஐ ஒட்டியவை. அதன்பின் ஓரிரு ஆண்டில் பிரிட்டனில் ரோம் ஆட்சியே முடிந்துபோனது. ரோமப் பேரரசிலிருந்து புதுக்காசு வருவது நின்றதால் இருக்கிற வெள்ளிக்காசின் ஓரத்தைக் கத்தரித்து வெள்ளி சேர்த்தார்கள். ஹாக்ஸன் வெள்ளிக்காசுகளில் ஏறக்குறைய எல்லாமே ஓரம் கத்தரித்தவை. பேரரசரின் முகத்தை மட்டும் தொடவில்லை. முகம் போனால் காசு செல்லாது. தங்கத்தில் கை வைக்கவே இல்லை. பத்துக் கரண்டிகளில் அவுரேலியஸ் உர்சிசினஸ் என்று ஒரு பெயர். ஒரு தங்க வளையலில் ஜூலியானா என்ற பெண்ணின் பெயரும், இதை நன்றாக அணிந்து மகிழ் என்ற வாழ்த்தும். இவர்கள் யார், எங்கே போனார்கள் என்று எந்த ஏடும் சொல்லவில்லை.

புதையலின் விலை 17.5 லட்சம் பவுண்டு என்று 1993இல் கணக்கிட்டார்கள். அன்றைய வழக்கப்படி புதையல் அரசுக்கு, அதற்கான வெகுமதி அவ்வளவும் கண்டெடுத்தவருக்கு. விவசாயிக்கு ஒரு காசு கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. லாஸ் பங்கு கொடுத்தார்.

அந்தப் பழைய சட்டம் ஓட்டைச் சட்டி. பொன்னோ வெள்ளியோ, திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு புதைத்ததாக இருந்தால்தான் அது அரசுக்குச் சேரும் புதையல். 1939இல் சட்டன் ஹூவில் கப்பலோடு புதைத்த ஆங்கிலோ-சாக்சன் அரசரின் செல்வம் வெளியே வந்தபோது, செத்தவருக்கு வைத்ததை யாரும் திரும்ப எடுக்க நினைத்திருக்க மாட்டார்கள் என்று சொல்லி, அது புதையல் அல்ல என்று தீர்ப்பானது. நிலத்துக்குச் சொந்தக்காரரான எடித் பிரிட்டி என்ற பெண்மணி அவ்வளவையும் நாட்டுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். எல்லோரும் பிரிட்டி அம்மையார் அல்லவே. 1996இல் புதுச் சட்டம் போட்டு 1997இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 300 ஆண்டுக்கு மேல் பழைய பொருளில் பத்து சதவீதமாவது பொன்னோ வெள்ளியோ இருந்தால் போதும், என்ன எண்ணத்தோடு புதைத்தார்கள் என்ற ஆராய்ச்சி வேண்டாம். 14 நாளுக்குள் கொரோனர் என்ற விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் சிறை. அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டால் சந்தை விலையில் வெகுமதி. வழக்கமாகக் கண்டவருக்குப் பாதி, நிலக்காரருக்குப் பாதி.

புதுச் சட்டத்திலும் சந்து இருந்தது. 2010இல் கம்ப்ரியாவில் கிராஸ்பி காரட் என்ற இடத்தில் ரோமானியக் குதிரைவீரனின் முகமூடித் தலைக்கவசம் கிடைத்தது. வெண்கலம் என்பதால் சட்டத்துக்குள் வரவில்லை. ஏலத்தில் 22 லட்சம் பவுண்டுக்கு மேல் போய் தனியார் கைக்குச் சேர்ந்தது. உள்ளூர் அருங்காட்சியகம் பணம் திரட்டியும் எட்டவில்லை. 2023இல்தான், பொன் வெள்ளி இல்லாவிட்டாலும் வரலாற்று முக்கியத்துவம் இருந்தால் புதையலே என்று விதியைத் திருத்தினார்கள்.

சட்டத்தைவிடப் பெரிய காரியத்தைச் சாதித்தது சட்டக் கட்டாயம் இல்லாத ஒரு ஏற்பாடு. 1980களில் தொல்லியலாளர்களும் டிடெக்டர்காரர்களும் கீரியும் பாம்புமாக இருந்தார்கள். டிடெக்டர்காரர்கள் கொள்ளைக்காரர்கள் என்று தொல்லியலாளர்கள் பிரசாரமே நடத்தினார்கள். நார்ஃபோக்கில் மட்டும் சில தொல்லியலாளர்கள் டிடெக்டர் சங்கங்களுக்கு நேரில் போய், கொண்டுவாருங்கள், என்னவென்று சொல்கிறோம், எங்கே எடுத்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்று பேசிப் பழகினார்கள். அந்தப் பழக்கம்தான் 1997இல் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் என்ற பெயரில் விரியத் தொடங்கி, 2003க்குள் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதையும் எட்டியது. மாவட்டத்துக்கு மாவட்டம் ஓர் அலுவலர். பொத்தானோ கொக்கியோ பாதிக் காசோ, எதைக் கொண்டுபோனாலும் அளந்து, படம் எடுத்து, கிடைத்த இடத்தை வரைபட எண்ணோடு பதிந்துகொண்டு பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எட்டு இலக்க எண் என்றால் பத்து மீட்டர் துல்லியம். இப்படி 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி ஏலத்தில் பத்து பவுண்டுக்குக்கூடப் போகாதவை. ஆனால் வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வைத்துப் பார்த்தால், எந்த ஏட்டிலும் இல்லாத பழைய சந்தைகளும் ஊர்களும் எழுந்து வருகின்றன.

ஹாக்ஸனிலிருந்து தென்கிழக்கே, சட்டன் ஹூவுக்குச் சில மைல் தொலைவில் இருக்கும் ரெண்டில்ஷம் அப்படி எழுந்த ஊர்தான். கிழக்கு ஆங்கிலியர்களின் அரச ஊர் இது என்று எட்டாம் நூற்றாண்டுத் துறவி பீட் எழுதி வைத்திருந்தார். எங்கே என்றுதான் தெரியவில்லை. இரவில் டார்ச் வெளிச்சத்தோடு வந்து திருட்டுத்தனமாகத் தோண்டிப் போகிறார்கள் என்று நில உரிமையாளர் முறையிட்டதால் மாவட்டத் தொல்லியல் பிரிவு உள்ளே வந்தது. திருடனைப் பிடிக்கத் திருடன் வழியிலேயே போனார்கள் என்று சொல்லலாம். நம்பகமான டிடெக்டர்காரர்கள் ஒரு சிறு குழுவாக 2008 முதல் 2014 வரை வயல் வயலாக நடந்தார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் இடம் குறித்தார்கள். கோல் நாட்டுத் தங்கக் காசு, பொன் நகைத் துணுக்கு, பட்டறைக் கழிவு என்று குவிந்தது. அந்தப் புள்ளிகளை வழிகாட்டியாக வைத்து அகழ்ந்தபோது 2022இல் 23 மீட்டர் நீளமுள்ள அரச மண்டபத்தின் அடித்தளமும், அடுத்த ஆண்டு கிறிஸ்தவத்துக்கு முந்தைய கோயிலாக இருக்கக்கூடிய கட்டடமும் வெளிவந்தன.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. 2015 ஜூனில் ஹெரஃபோர்ட்ஷயரில் லெம்ஸ்டர் அருகே இரண்டு பேர் ஒரு வைக்கிங் புதையலைக் கண்டெடுத்து, சொல்லாமல் விற்றார்கள். 300 காசு இருந்திருக்கலாம் என்பது கணிப்பு. அந்த வழக்கில் மீட்க முடிந்தது 31. அழித்துவிட்டோம் என்று அவர்கள் நினைத்த புகைப்படங்களை போலீஸ் ஒருவருடைய போனிலிருந்து மீட்டதால்தான் அந்தக் கணிப்பே கிடைத்தது. 2019இல் ஒருவருக்குப் பத்து ஆண்டும் மற்றவருக்கு எட்டரை ஆண்டும் விதித்தார்கள், மேல்முறையீட்டில் குறைந்தது. மீண்ட காசு சிலவற்றில் வெசெக்ஸ் அரசர் ஆல்ஃபிரெடும் மெர்சியா அரசர் சியோல்வுல்ஃபும் கூட்டாளிகளாகச் சேர்ந்து காசு அடித்த அடையாளம் இருக்கிறது. ஆல்ஃபிரெடின் தரப்பு எழுதிய வரலாற்றில் சியோல்வுல்ஃப் வெறும் கைப்பொம்மை. அந்த வரலாற்றைத் திருத்தும் சாட்சிகளில் பெரும்பகுதி, யார் வீட்டு அலமாரியிலோ கிடக்கிறது.

நவம்பர் நடுவில் ரெண்டில்ஷம் வயல்களில் கோதுமை முளை இரண்டு அங்குலம் ஏறியிருக்கும். டிடெக்டர்காரர்கள் கருவியைத் துடைத்து வைத்துவிட்டு, விவசாயிக்குக் கிறிஸ்துமஸ் விஸ்கி பாட்டில் வாங்குவதைப் பற்றி யோசிப்பார்கள். அடுத்த ஆண்டு அனுமதி வேண்டுமே. ஹாக்ஸன் பெட்டியின் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றால் திரும்ப லண்டனுக்குத்தான் போக வேண்டும். பிரிட்டிஷ் மியூசியம், 49ஆம் அறை, கட்டணம் இல்லை.

கூட்டம் நிற்பது பத்து சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு வெள்ளிப் பெண் சிலையின் முன்னால். கொண்டையும் காதணியுமாக இருப்பதால் பேரரசி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பேரரசி அல்ல, வசதியான வீட்டுச் சீமாட்டியாக இருக்கலாம் என்பதுதான் இப்போதைய கருத்து. அடிப்பாகத்தில் ஒரு வட்டத் தகடு. ஒரு நிலையில் திருப்பினால் மூடிக்கொள்ளும், இன்னொன்றில் நிரப்பலாம், மூன்றாவதில் துளைகள் வழியே தூவலாம். தூவியது மிளகு. இப்படி நான்கு மிளகுச் சிமிழ்கள் அந்தப் பெட்டியில் இருந்தன. ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மிளகு விளைந்தது நம் மேற்கு மலைச்சரிவில். யவனர் கலங்கள் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு பேசுகிறது. அது ஹாக்ஸன் குடும்பத்துக்குச் சில நூற்றாண்டு முந்தைய நிலவரம். அவர்கள் காலத்திலும் வியாபாரம் அறவே நின்றுவிடவில்லை. ஹாக்ஸன் காசுகளில் முகம் காட்டும் ஆர்கேடியஸ், ஹொனோரியஸ் ஆகிய அதே பேரரசர்களின் சிறு செப்புக் காசுகள் கரூரிலும் மதுரையிலும் இலங்கையிலும் கிடைத்திருக்கின்றன. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்கள் கையில் அகப்பட்டு, வியாபாரிகள் வழியே சேகரிப்பாளர்களிடம் சேர்ந்தவை பல. நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைத் தேடித் தொகுத்து எழுதியதால்தான் நமக்கு இவ்வளவாவது தெரிகிறது. ஆற்றில் எந்த வளைவில், எத்தனை அடி ஆழத்தில், எதனோடு சேர்ந்து என்பது சலித்தவரோடு போயிற்று. இந்தியப் புதையல் சட்டம் 1878இலேயே வந்துவிட்டது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணிலிருந்து கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்கிறது. எடுத்த இடத்தைக் குறித்துக்கொண்டு காசைத் திருப்பிக் கொடுக்கும் அலுவலர் ஒருவரைப் பற்றி அதில் பேச்சில்லை. பறிபோய்விடும் என்று பயப்படுகிறவர் ஏன் வாயைத் திறக்கப் போகிறார்?

பிரிட்டிஷ் மியூசியத்திலேயே தமிழ்நாட்டுப் புதையல் ஒன்றின் காசுகளும் உண்டு. 1898இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில், ஆலங்குடிப் பக்கம் கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. பல லண்டனுக்கு வந்துவிட்டன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே ஆழமாக ஒரு வெட்டு. இனி இது காசாகப் புழங்கக் கூடாது, வெறும் பொன் என்று கணக்கு முடித்த வெட்டாக இருக்கலாம் என்கிறார்கள். பிரிட்டனில் முகத்தைத் தொடாமல் ஓரத்தைக் கத்தரித்தார்கள், தமிழ்நாட்டில் ஓரத்தை விட்டுவிட்டு முகத்தில் வெட்டினார்கள். ஹாக்ஸன் பெட்டியின் நீள அகலமும், பூட்டும், அடுக்கிய வரிசையும் அறிக்கையில் இருக்கின்றன. கறுக்காக்குறிச்சிக் காசுகளுக்கு ஊர்ப் பெயரும் ஆண்டும் எண்ணிக்கையும் இருக்கின்றன. வெட்டியது யார், புதைத்தது வியாபாரியா, நகைத் தொழிலாளியா, அரசனின் கருவூலக்காரனா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.